முதலாம் வகைச் சீனி வருத்தம் (நீரிழிவு): டோஸைக் கூட்டுமுன் பார்க்க வேண்டியவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, கிளினிக் வாங்குகளில் காத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். சீனி அளவுகள் எல்லாம் மில்லிகிராம் (mg/dL) கணக்கில் உள்ளன. உங்கள் மீற்றர் 5.6, 11.2 என்று சின்ன எண்களைக் காட்டினால் 18ஆல் பெருக்குங்கள். டோஸ் பற்றிய கணக்குகளை உங்கள் டொக்டருடன் பேசி முடிவு செய்த பிறகே கையில் எடுக்க வேண்டும்.

1. எங்கட குடும்பத்துல ஒருத்தருக்கும் சீனி இல்ல. பத்து வயசுப் புள்ளைக்கு எப்பிடி வந்த? இனிப்புக் கூடத் திண்டதாலயா?

இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. கிருமிகளோடு சண்டை பிடிக்க வேண்டிய உடலின் காவற்படை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்துவிடுகிறது. தாகமும் மெலிவும் அடிக்கடி சிறுநீரும் வெளியே தெரியும்போது பெரும்பாலான கலங்கள் போயிருக்கும். அம்மம்மாவுக்கு இருக்கும் சீனி வேறு. அவருக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே அம்மம்மாவுக்குச் சொன்ன பத்தியத்தைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

2. குளிசையில சமாளிக்க ஏலாதா? பாவற்காய்ச் சாறு குடுத்தா ஊசிய விடலாம் எண்டு சொல்றாங்க.

முடியாது. பாவற்காய், வெந்தயம், கோவையிலை எல்லாம் கறியாகவும் சுண்டலாகவும் நல்லவை, சாப்பிடட்டும். ஆனால் உடலில் இல்லாத இன்சுலினை எந்த இலையும் உண்டாக்காது. 1922 ஜனவரியில் ரொறன்ரோவில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் பட்டினிப் பத்தியத்தில் சில மாதங்களோ ஓரிரு வருடங்களோதான் உயிரோடு இருந்தார்கள்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊசி தொடங்கிச் சில வாரங்களில் பலருக்கு டோஸ் வெகுவாகக் குறையும். மிஞ்சிய கலங்கள் கொஞ்சம் தலைதூக்குவதால் வரும் இந்தக் காலத்தை ‘தேனிலவு’ என்பார்கள். சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம் வரை நீளும். அந்த நேரத்தில் யாராவது கொடுத்த கசாயத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் ஒரு நாள், இரண்டு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறிப் பிள்ளை அவசர சிகிச்சைக்குப் போக நேரும்.

3. சீனி எவ்வளவுல இருந்தா நல்லம்?

பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழ். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7 வீதத்துக்குக் கீழ். 7 என்றால் சராசரி 154 அளவு, 8 என்றால் 183, 9 என்றால் 212. லோ வருவதை (சீனி 70க்குக் கீழ் இறங்குவதை) உணர முடியாதவர்களுக்கும் ஊசியும் ஸ்ட்ரிப்பும் (மீற்றரில் செருகும் சோதனைப் பட்டி) போதாத வீடுகளுக்கும் டொக்டர் இலக்கைக் கொஞ்சம் தளர்த்துவார்.

இந்த 7க்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், 1,441 முதலாம் வகை நோயாளரை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. எச்பிஏ1சியை 9 அளவில் விட்டவர்களோடு பார்க்க, 7 அளவில் வைத்தவர்களுக்குப் புதிதாகக் கண் விழித்திரை கெடும் ஆபத்து 76 வீதம் குறைந்திருந்தது.

4. ஊசி ஒழுங்காத்தான் போடுறம், சாப்பாடும் கட்டுப்பாடுதான். எண்டாலும் 300க்குக் கீழ இறங்குதில்ல. டோஸக் கூட்டுவமா?

கடைசியாகக் கூட்டுங்கள். அதற்கு முன் ஐந்து விசயம் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த வரையில், பாதிக்கு மேல் சிக்கல் இந்த ஐந்துக்குள்ளேயே அவிழ்ந்துவிடும்.

முதலில் குப்பி. திறந்த திகதியை அதன் மேல் பேனையால் எழுதியிருக்கிறீர்களா? திறந்து 28 நாளானால் வீச வேண்டும். 10 மில்லிலீற்றர் குப்பியில் 1,000 அலகு இருக்கும். நாளுக்கு 20 அலகு போடும் பிள்ளைக்கு 28 நாளில் 560தான் முடியும். மிச்சத்தைப் பார்த்து மனம் வராமல் இரண்டு மாதம் போடுவதுதான் வழமையான பிழை. தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும், கலங்கலாக இருக்க வேண்டியதில் கட்டி தெரிந்தாலும், குப்பிச் சுவரில் உறைபனி போல வெள்ளை படிந்தாலும் அது கெட்டது. அடுத்தது கலக்குவது. 30/70 கலவையையும் (30 வீதம் வேகமாக வேலை செய்யும் தெளிந்த இன்சுலின், 70 வீதம் மெல்ல வேலை செய்யும் கலங்கல்) கலங்கல் இன்சுலினையும் உள்ளங்கைகளுக்கிடையில் 10 தரம் உருட்டி, 10 தரம் தலைகீழாகச் சாய்த்தெடுங்கள். குலுக்கினால் நுரை வந்து அளவு பிழைக்கும். கலக்காமல் எடுத்தால் மாதத் தொடக்கத்தில் ஒரு மருந்தும் கடைசியில் வேறொரு மருந்தும் போட்ட மாதிரித்தான். தெளிந்ததையும் கலங்கலையும் ஒரே சிரிஞ்சில் எடுப்பவர்கள் தெளிந்ததை முதலில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, போடும் இடம். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்தினால் வலி தெரியாது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். வலி தெரியாததற்குக் காரணம் அங்கே கொழுப்புத் தடித்துக் கட்டியானதே. கட்டிக்குள் போட்ட இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் உறிஞ்சாது. விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பு இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிட்டு, வயிறு, தொடை என்று மாறி மாறி, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரலளவு தள்ளிப் போடுங்கள். புது இடத்தில் மருந்து முழுதாகச் சேரும் என்பதால் முதல் நாட்களில் லோ வரலாம். மாறுமுன் டோஸைக் கொஞ்சம் குறைப்பது பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். நான்காவது நேரம். தெளிந்த இன்சுலினும் 30/70 கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு போட வேண்டியவை. இடியப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு ஊசி போட்டால் சீனி முதலில் ஓடும், மருந்து பின்னால் துரத்தும். ஐந்தாவது சிரிஞ்ச். அது தனிக் கேள்வியாகவே வருகிறது.

5. இந்தியாவில இருந்து மாமா இன்சுலின் கொண்டு வந்து தந்தார். அதையும் இதே சிரிஞ்சால போடலாமா?

குப்பியின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள குப்பிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்ச். 100 அலகுக் குப்பிக்குச் செம்மஞ்சள் மூடி. 40 குப்பியை 100 சிரிஞ்சில் ‘20’ கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 8 அலகுதான். தலைகீழாக, 100 குப்பியை 40 சிரிஞ்சில் ‘20’ வரை எடுத்தால் 50 அலகு போய்விடும். அது உயிரைக் குடிக்கும் அளவு. குப்பியும் சிரிஞ்சும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று: 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு 2 அலகு, அரை மில்லிலீற்றர் சிரிஞ்சில் 1 அலகு. சிரிஞ்ச் வகை மாறும் நாளில் கோட்டை மறுபடி எண்ணுங்கள்.

6. வீட்ட ஃபிரிட்ஜ் இல்ல. இருந்தாலும் கரண்ட் போகுது, மழைக்கு வெள்ளம் வருது. என்ன செய்ற?

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்த குப்பி 25, 30 பாகைக்குள் இருந்தால் 28 நாள் தாங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் வீடுகளுக்குள் 33, 34 சாதாரணம். ஆனால் அதே காய்ந்த காற்றுத்தான் மண்பானை முறைக்கு உதவி. பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, இடையில் ஆற்றுமணல் நிரப்பி, மணல் ஈரமாகும்படி காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள். குப்பியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மார்கழி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு குளிராது. ஆனால் அப்போது வெயிலும் இல்லை.

மீன் ஏற்றும் ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைப்பவர்கள் குப்பியை ஐசோடு ஒட்ட விடாதீர்கள். உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்வைக்கு நல்லதாகத் தெரியும், வேலை செய்யாது. ஃபிரிட்ஜிலும் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், கதவுத் தட்டே போதும். ஐப்பசி பிறந்தவுடன் ஒரு பொலித்தீன் பையைக் கட்டி வையுங்கள்: இரண்டு கிழமைக்கான இன்சுலின், சிரிஞ்ச், ஸ்ட்ரிப், சீனி, கிளினிக் கொப்பியின் பிரதி. படுவான்கரைப் பக்கம் வீதி மூடினால் ஆஸ்பத்திரிக்கு வர நாட்கள் ஆகலாம்.

7. சோத்த விட்டுக் குரக்கன் புட்டுத் திண்டா எவ்வளவும் திங்கலாம்தானே?

தின்ன முடியாது. 100 கிராம் குரக்கன் மாவில் 70 கிராம் அளவில் மாச்சத்து உண்டு. அரிசி மாவில் 75 முதல் 80. வித்தியாசம் கொஞ்சம்தான். குரக்கனில் நார் கூட என்பதால் மெல்ல ஏறும், ஆனால் ஏறும். சோற்றை விட வேண்டியதும் இல்லை. ஊசியின் அளவும் சோற்றின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும்.

அதற்கு வீட்டில் ஒரு சின்னத் தராசு இருந்தால் பாதி வேலை முடிந்தது. வெந்த சோறு 100 கிராமுக்கு மாச்சத்து சுமார் 28 கிராம். அவித்த மரவள்ளி 100 கிராமுக்கு 35ஐத் தாண்டும். கால் றாத்தல் பாண் 55 கிராம் அளவு. பழுத்த மாம்பழச் சதை 100 கிராமுக்கு 15. பிட்டையும் இடியப்பத்தையும் தட்டில் வைத்து எண்ணுவதைவிட மாவை நிறுத்துவது சுலபம். 300 கிராம் மாவில் 30 இடியப்பம் வந்தால் ஒன்றுக்கு 8 கிராம் அளவு. உங்கள் சுண்டையும் அகப்பையையும் ஒரு தரம் நிறுத்து எழுதி வைத்தால் பிறகு கண்ணே சொல்லிவிடும். மீன், இறால், முட்டை, கீரை இவற்றுக்குக் கணக்குத் தேவையில்லை.

8. எருமத் தயிரும் பாணியும்?

தயிர் 100 கிராமுக்கு 5 கிராம் அளவுதான். விசயம் பாணியில் இருக்கிறது, ஒரு மேசைக்கரண்டி 12, 13 கிராம். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கரண்டி விட்டால் யாரும் சாகமாட்டார்கள்.

9. காலையில ஊசி போட்டுத்தான் அனுப்புறன். பள்ளிக்கூடத்துல பதினொண்டு, பன்னிரண்டு மணிக்குப் புள்ள நடுங்குது, வேர்க்குது.

இது 30/70 கலவையின் குணம். காலை 6.30க்குப் போட்ட ஊசியின் கலங்கல் பகுதி, நான்கு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வரத் தொடங்கும். பள்ளி விட 1.30, வீட்டில் சோறு 2 மணி. உச்ச நேரத்தில் வயிறு வெறுமை. இடைவேளையில் ஒரு சின்னக் கதலிப்பழமோ மூன்று கிறீம் கிறாக்கரோ கட்டாயம் கொடுத்தனுப்புங்கள், சாப்பிட்டதா என்றும் கேளுங்கள். விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நடக்கும் மாதங்களில் அதை இரட்டியுங்கள்.

அப்படியும் கிழமைக்கு இரண்டு தரம் லோ வந்தால் காலை டோஸ் அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம். நாளுக்கு இரண்டு ஊசி என்பது ஊசியைக் குறைக்கும், ஆனால் சாப்பாட்டு நேரத்தைக் கட்டிப்போடும். மூன்று சாப்பாட்டுக்கும் தெளிந்ததும், இரவில் நீண்ட நேரம் வேலை செய்வதும் என நான்கு ஊசி முறைக்கு மாறலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அதுவே தோது என்பது எங்கள் எண்ணம்.

10. லோ வந்தா சொக்லேட் குடுத்தாப் போதுமா?

சொக்லேட்டின் கொழுப்பு சீனியைத் தாமதிக்கும். 70க்குக் கீழ் போனால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், இது 15 கிராம் அளவு. 20 கிலோப் பிள்ளைக்கு ஒன்றரைக் கரண்டி போதும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் அதே அளவு திரும்ப. பயத்தில் நான்கு ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்தில் 350 என்று ஓடிவருபவர்கள் அதிகம். அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் மட்டும் இரண்டு பிஸ்கட் சேருங்கள். லோ வந்தது என்பதற்காக அடுத்த ஊசியை முழுதாக விடாதீர்கள்.

மயங்கினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போகும். பக்கவாட்டில் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். வீட்டில் குளுக்ககன் (சீனியை ஏற்றும் ஹோர்மோன்) ஊசி இருந்தால், 25 கிலோவுக்குக் கீழ் அரை மில்லிகிராம், மேலே 1 மில்லிகிராம்.

11. இரவு படுக்கக்குள்ள 130. விடிய 260. ராவுல ஒண்டும் திங்கல்ல. எங்கால ஏறின?

ஈரலிலிருந்து. விடியற்காலை உடல் தன்னை எழுப்பச் சுரக்கும் ஹோர்மோன்கள் ஈரலைச் சீனி விடச் சொல்லும். அதே நேரம், மாலை 6.30க்குப் போட்ட கலங்கல் இன்சுலின் வற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் 260. இரவுப் பிட்டில் தேங்காய்ப்பூ கூடினாலும் சீனி நள்ளிரவுக்குப் பிறகு மெல்ல ஏறும்.

மூன்று இரவு, அதிகாலை 3 மணிக்கு ஒரு ஸ்ட்ரிப் செலவழியுங்கள். அப்போதும் உயர்வு என்றால் இரவு மருந்து போதாது. 3 மணிக்கு 130, விடிய 260 என்றால் மருந்து முன்கூட்டி முடிகிறது. கலங்கலைத் தனியாகப் பிரித்து படுக்கும் நேரத்துக்குத் தள்ளினால் பெரும்பாலும் சரியாகும். கலவைக் குப்பியில் அதைச் செய்ய முடியாது. 3 மணிக்கு 60 என்றால், கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். பாராமல் கூட்டினால் நடுச்சாமத்தில் வலிப்பு வரலாம்.

12. காய்ச்சலும் வாந்தியும். ஒண்டும் சாப்பிடல்ல, ஊசிய விடுவமா?

இந்த ஒரு கேள்விக்குப் பிழையான பதில் கிடைத்ததால் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் விழுந்திருக்கிறார்கள். முழுதாக விடவே கூடாது. காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும், இன்சுலின் தேவை பெரும்பாலும் கூடும். நீண்ட நேர மருந்தை நிறுத்தாமல், மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் சீனி பாருங்கள். 250க்கு மேல் என்றால் வெறும் தண்ணீர், கஞ்சித் தெளிவு உப்போடு. 180க்குக் கீழ் இறங்கினால் இளநீர், ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), சீனி போட்ட தேத்தண்ணி. கலவை மட்டும் போடுபவர்கள் அளவைக் கிளினிக்கில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சிறுநீர்க் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) பட்டியில் இரண்டு பிளஸ், நிற்காத வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்குவது, வாயில் பழ வாசம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அம்பாறையோ கல்முனையோ மட்டக்களப்போ, எது கிட்டவோ அது. வாசலிலேயே ‘முதலாம் வகை, இன்சுலின் போடுறவர்’ என்று சொல்லுங்கள்.

13. உகந்தையில இருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால நடக்க ஆசை. ஏலுமா?

திட்டம் போட்டால் முடியும். நடை, வயல் வேலை, பந்தடி எல்லாம் இன்சுலினைக் கூர்மையாக்கும். அதன் தாக்கம் அன்று இரவு வரை நீளும். வழமையாகத் தொடங்குமுன் 90க்குக் குறைவென்றால் 15 கிராம் சாப்பிட்டுத் தொடங்கலாம். 250க்கு மேல் இருந்து கீற்றோனும் இருந்தால் அன்று வேண்டாம்.

குமண, யால காட்டுக்குள் நாட்கணக்காக நடப்பதற்கு எல்லா ஊசியையும் குறைக்க வேண்டிவரும். எவ்வளவு என்பதை ஒரு மாதம் முன்பே, நாலைந்து மணித்தியாலம் நடந்து பார்த்து, டொக்டரோடு தீர்மானியுங்கள். மருந்தை இரட்டிப்பாக எடுத்து இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். கூட வருபவருக்கு 10ஆவது பதில் மனப்பாடமாக இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்கும் நேர்த்தி இருந்தால் முதலில் பாத உணர்ச்சியைச் சோதியுங்கள். தீமிதிப்பவர்களுக்கும் இதுதான்.

14. என்ட மகளுக்குப் பதினாறு. நோம்பு புடிக்கத்தான் வேணும் எண்டு அழுவுறா.

முதலாம் வகைக்கு நோன்பு அதிக ஆபத்துள்ளது. நோயாளிக்கான சலுகை குர்ஆனிலேயே உண்டு, அதை உம்மா, வாப்பா சொல்வதைவிட மௌலவி சொன்னால் பிள்ளை கேட்கும். கடந்த மாதங்களில் மயக்கமோ அமில ஏற்றமோ வந்தவர்கள் பிடிக்கவே கூடாது. மற்றவர்கள் ஆறு முதல் எட்டுக் கிழமை முன்பே டொக்டரைக் காண வேண்டும். இரண்டு நேரக் கலவை ஊசியோடு நோன்பு பொருந்தாது.

பிடிப்பவர்கள் சஹரைத் தவறவிடாமல், சஹருக்கு முன், நண்பகல், அஸர் நேரம், இஃப்தாருக்கு முன் என்று சீனி பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதாலோ இன்சுலின் போடுவதாலோ நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70க்குக் கீழ் அல்லது 300க்கு மேல் போனால், மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் திறந்துவிட வேண்டும். கந்தசஷ்டி, கேதாரகௌரி விரதக்காரர்களுக்கும் இதே எண்கள்தான்.

15. மீற்றர்ல 310, லாப்ல 280. எது பொய்?

இரண்டும் உண்மை. நல்ல மீற்றரும் 15 வீதம் கூடக் குறையக் காட்ட அனுமதி உண்டு. பொய் வருவது வேறு வழியில்: மாம்பழம் சீவிய கையைக் கழுவாமல் விரலில் குத்தினால் 100 இருப்பது 300 என்று வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைத்தால் கடற்கரை ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும்.

16. 280 இருந்தா அத இறக்க எத்தின அலகு கூடப் போடுற?

தெளிந்த இன்சுலினுக்கு 1,500ஐ ஒரு நாள் மொத்த அலகால் வகுக்க வேண்டும். புதிய துரித இன்சுலினுக்கு 1,800. நாளுக்கு 40 அலகு போடுபவருக்கு, தெளிந்ததில் 1 அலகு 37 அளவு இறக்கும். 280ஐ 130க்குக் கொண்டுவர 150 இறங்க வேண்டும், அதாவது 4 அலகு. இது தொடக்கக் கணக்கு. பிள்ளைகளில் பாதியிலிருந்து தொடங்குவதே புத்தி. கலவைக் குப்பியால் இதைச் செய்யவே கூடாது.

பிழைக்கும் இடம் பொறுமை. ஒரு மணித்தியாலத்தில் இறங்கவில்லையே என்று இன்னும் 4 போடுவார்கள். தெளிந்த இன்சுலின் உடலுக்குள் ஆறு, எட்டு மணித்தியாலம் இருக்கும். இரண்டு டோஸும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இரவு 2 மணிக்குச் சேர்ந்து இறக்கும். ஒரு திருத்த ஊசிக்குப் பிறகு ஐந்து மணித்தியாலமாவது விடுங்கள். இரண்டாவது தரமும் இறங்காவிட்டால் 4ஆவது பதிலின் குப்பிச் சோதனைக்கும் 12ஆவது பதிலின் கீற்றோனுக்கும் போங்கள்.

17. எச்பிஏ1சி 7 எண்டு டொக்டர் சந்தோசப்பட்டார். ஆனா புள்ள ஒரு நாள் 45, ஒரு நாள் 260. எது உண்மை?

45க்கும் 260க்கும் நடுவில் எவ்வளவு? 152. எச்பிஏ1சி 7 காட்டும் சராசரியும் ஏறத்தாழ அதேதான். சராசரி நல்லதாக இருந்து நாட்கள் மோசமாக இருக்க முடியும். இரத்தச்சோகை, தலசீமியா உள்ளவர்களில் அந்த எண்ணே பிழைக்கும். இரும்புச் சத்துக் குறைந்தால் பொய்யாக உயரும், செங்கலங்கள் சீக்கிரம் உடைந்தால் பொய்யாகக் குறையும்.

ஆகவே கொப்பி வேண்டும். நாளுக்கு இரண்டு ஸ்ட்ரிப்தான் வாங்க முடியும் என்றால் இப்படிப் பிரியுங்கள்: திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும், செவ்வாய் மதியத்துக்கு முன்னும் பின்னும், புதன் இரவுக்கு, வியாழன் படுக்கும்போதும் 3 மணிக்கும். வெள்ளி மறுபடி காலையிலிருந்து. லோ போலத் தெரியும் நேரத்துக்கு ஐந்தாறு ஸ்ட்ரிப்பைத் தனியாக ஒதுக்குங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்ட நேரம், அலகு, போட்ட இடம், சாப்பாட்டின் நிறை, அன்றைய ஓட்டம் எழுதுங்கள். மூன்று நாள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் டோஸை மாற்றுவது பற்றிப் பேசலாம், அதுவும் ஒரு தரத்துக்கு 10 வீதத்துக்கு மேல் போகாமல். கையில் ஒட்டும் சென்சர் வாங்க வசதி உள்ளவர்களுக்கும் இதே கொப்பி தேவை. சென்சர் எண் இரத்தத்துக்கு 5 முதல் 15 நிமிடம் பிந்தி வரும் என்பதால், லோ நேரத்தில் விரலிலும் குத்திப் பாருங்கள்.